கண்ணாடி கழற்றிய வண்டி

வண்டியின் பக்கக் கண்ணாடி இரண்டையும் மகள் தாச்சு கழற்றித் தோள்பைக்குள் போட்டுவிட்டாள், தணிகாசலத்துக்கு அதுதான் தாங்கவில்லை. மற்றதையெல்லாம் பொறுத்துக்கொண்டார். இரவல் தோலுடுப்பு தொப்பையில் வந்து நின்று மேலே ஏறமாட்டேன் என்று அடம்பிடித்ததை, மகளின் சிநேகிதிகள் இருவர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு "அங்கிள், மூச்ச உள்ள இழுங்க" என்று சொல்லி ஜிப்பை ஏற்றியதை, முதுகுப் பக்கம் ஆமை ஓடு மாதிரி ஒன்றைச் செருகியதை, வண்டியின் முகவிளக்கில் குறுக்கும் நெடுக்குமாக டேப் ஒட்டியதை, வேகம் காட்டும் இடத்தைக்கூட டேப் போட்டு மூடியதை. ஐம்பது தாண்டிய மனுஷனுக்கு இதெல்லாம் தேவையா என்று யாராவது கேட்டால் தேவையில்லைதான், ஆனால் பெற்ற பெண் ஆசையாகக் கூட்டிவந்திருக்கிறாள், போகட்டும். கண்ணாடியை எப்படிக் கழற்றலாம்? பஸ் ஓட்டுகிறவனுக்கு முன்னால் இருப்பது பாதி ரோடு, மீதி கண்ணாடியில் இருக்கிறது. "ட்ராக்ல கண்ணாடி இருக்கக் கூடாது நைனா, உள்ளயே விடமாட்டாங்க" என்றாள் தாச்சு. பள்ளிக்கூடத்தில் தாட்சாயணி, வீட்டில் தாச்சு, பைக் ஷோரூமில் வேலை, லீவு கிடைத்தால் இந்த ரேஸ் மைதானத்துக்கு வந்து வட்டம் சுற்றுகிறவள். அவளுடைய சிவப்பு வண்டியில்தான் இப்போது அவர் உட்கார்ந்திருந்தார். முன்னால் வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு வண்டிகள், எல்லோரும் இன்றுதான் முதல்முறை, எல்லோர் மேலும் மஞ்சள் பனியன், புதுசு என்று அடையாளத்துக்கு. எஞ்சின் உறுமல் தொடை வழியாக ஏறி வயிற்றில் போய் உட்கார்ந்தது. ஹெல்மெட்டுக்குள் தன் மூச்சே தனக்குக் கேட்டது, யாரோ பக்கத்தில் படுத்துத் தூங்குகிற மாதிரி. கண் போய் இடதுபக்கம் பார்த்தது. அங்கே கண்ணாடி இருந்த துளையில் ஒரு ரப்பர் மூடி இருந்தது. மறுபடி பார்த்தது. மறுபடியும் ரப்பர் மூடிதான். தாச்சு தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். "பயமா இருக்கா நைனா?" என்று அவள் கத்தியது கேட்டது. "எனக்கு இன்னா பயம்" என்று அவர் சொன்னது ஹெல்மெட்டைத் தாண்டி வெளியே போகவில்லை. போகாததும் நல்லதுதான்.

பயம் இல்லையாம். காலையில் நிழற்கொட்டகையில் எல்லோரையும் உட்காரவைத்துப் பாடம் எடுத்த அந்த ரெஹான், ஒல்லியாக, முடியைப் பின்னால் கட்டியிருந்தவன், ஒவ்வொருவராக எழுந்து பேரும் வேலையும் சொல்லச் சொன்னான். ஒருவர் கம்ப்யூட்டர், ஒருவர் பல் டாக்டர், ஒருவர் ஆம்பூரில் தோல் கையுறை செய்கிறவர். தணிகாசலத்தின் முறை வந்தபோது "ஷெட்ல இருக்கேன்" என்றார். என்ன ஷெட், எங்கே ஷெட் என்று ரெஹானுக்குப் புரிந்ததோ இல்லையோ, தலையாட்டிவிட்டான். தாச்சு மட்டும் தரையைப் பார்த்தாள். அப்புறம்தான் ரெஹான் அந்தச் சட்டத்தைச் சொன்னான், காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றின மாதிரி இருந்தது. "உள்ள போனதும் உங்களுக்கு ஒரே வேலை, முன்னாடி பாருங்க. பின்னாடி யாரு வர்றாங்கன்னு திரும்பாதீங்க. ஒதுங்காதீங்க. கை காட்டாதீங்க. உங்களுக்குப் பின்னாடி வர்றவங்களுக்கு நீங்க தெரியுறீங்க, அவங்களுக்கு நீங்க தெரியாது. அதனால தாண்டிப் போறது அவங்க பொறுப்பு. நீங்க போற கோட்டுலயே போனாதான் அவங்களால கணக்குப் பண்ண முடியும். வழி விடுறேன்னு நகர்ந்தா ரெண்டு பேரும் கீழ கிடப்பீங்க." அவங்களுக்கு நீங்க தெரியாது என்று தப்பாகச் சொல்லிவிட்டு, உங்களுக்கு அவங்க தெரியாது என்று ரெஹானே சிரித்துத் திருத்திக்கொண்டான். எல்லோரும் சிரித்தார்கள். தணிகாசலம் சிரிக்கவில்லை. வழி விடாதே என்று ஒரு சட்டமா? வழி விடுவதும் ஒதுங்குவதும் வலது கையை ஜன்னலுக்கு வெளியே போட்டுப் போப்பா போ என்று ஆட்டுவதும்தானே இத்தனை வருஷம் அவர் சம்பளம் வாங்கின வேலை. அந்தக் கை மாதிரி இன்னொரு கை டெப்போவிலேயே கிடையாது என்று அவருடைய கண்டக்டர் கன்னியப்பன் சொல்வான். கல்யாண வீட்டு வாசலில் நின்று உபசரிக்கிற மாதிரி காட்டுவாராம். கன்னியப்பன். அந்தப் பேர் வந்ததும் மனம் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. இப்போது அது வேண்டாம். முன்னால் பார்.

பச்சைக்கொடி அசைந்தது, வரிசை நகர்ந்தது, அவரும் நகர்ந்தார், அவ்வளவுதான், அதற்குள் சாலை ஓடத் தொடங்கிவிட்டது. சாலையா இது. பள்ளம் இல்லை, மேடு இல்லை, மாடு இல்லை, எச்சில் துப்புகிறவன் இல்லை, நடுவில் கோடு இல்லை, எதிரே யாரும் வரவில்லை. எதிரே யாருமே வரமாட்டார்கள் என்பதை நம்புவதற்கு முதல் சுற்று முழுக்கப் போதவில்லை அவருக்கு. ஒவ்வொரு வளைவுக்கு அப்பாலும் ஒரு தண்ணி லாரி நிற்கும் என்றே மனசு சொன்னது. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து வெயில், காற்று தோலுடுப்பின் கழுத்தோரத்தில் நுழைந்து வேர்வையைத் தொட்டபோது மட்டும் ஜில்லென்று இருந்தது. வளைவின் உள்பக்கம் ஆரஞ்சுக் கூம்பு வைத்திருந்தார்கள், அதைப் பார்த்தால் வண்டி தானே அங்கே போகும் என்று ரெஹான் சொல்லியிருந்தான். பார்த்தார். போனது. அட. ஆனால் கண் அங்கேயே நிற்கவில்லை, இடதுபக்க ரப்பர் மூடிக்குப் போய்விட்டு வந்தது, போய்விட்டு வந்தது. ஐப்பசி மழையிலிருந்து இதே நோய். கண் ஆஸ்பத்திரியில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு உங்க கண்ணுக்கு ஒண்ணும் இல்ல என்று அனுப்பிவிட்டார்கள். ஒன்றுமில்லாத கண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்ய. இடது கண்ணாடியைப் பார்த்தால் அதிலேயே ஒட்டிக்கொள்கிறது, பிய்த்தெடுத்தால் வருவதில்லை. அப்படி ஒட்டிக்கொண்டு போன ஒருநாள் முன்னால் நின்ற ஆட்டோவின் முதுகு பஸ்ஸின் முன்கண்ணாடி முழுக்க அடைத்துக்கொண்டு வந்த பிறகுதான் பிரேக்கை மிதித்தார். அன்றைக்கே மேனேஜரிடம் போய் நின்று, சார் எனக்கு ஷெட்டு குடுத்துடுங்க என்று தானே கேட்டு வாங்கினார். பஸ் கழுவுகிற இடத்தில் குழாயைத் திறந்து மூடுகிற வேலை. திங்கட்கிழமை முடிவாகச் சொல்லவேண்டும். "ஸ்டியரிங்கா ஷெட்டான்னு சொல்லிடு தணிகாசலம். ஷெட்டுன்னா இனிமே ஷெட்டுதான், அப்பால வந்து அழக்கூடாது" என்றிருக்கிறார் மேனேஜர். நல்ல மனுஷன், அழுதாலும் மாற்ற முடியாது என்பதைக் கொஞ்சம் வேறுமாதிரி சொன்னார். முன்பெல்லாம் வீட்டில் குக்கர் அடுத்தடுத்து இரண்டு விசில் அடித்தால் சாப்பாட்டில் உட்கார்ந்திருக்கிற அவருடைய இடது கால் கிளட்சைத் தேடும், மனைவி சரோஜா விழுந்து விழுந்து சிரிப்பாள். ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு என்றால் கிளம்பு, கண்டக்டர் வாயிலிருந்து வந்தால் என்ன குக்கரிலிருந்து வந்தால் என்ன, காலுக்கு எல்லாம் ஒன்றுதான். இப்போது குக்கர் பாட்டுக்குக் கூவுகிறது, கால் பாட்டுக்குக் கிடக்கிறது. சரோஜா சிரிப்பதை விட்டுவிட்டாள்.

நேர்ச்சாலை வந்தது. அகலமாக, நீளமாக, வெறுமையாக. முறுக்கினால் வண்டி பாயும் என்று தெரிந்தது, முறுக்கவில்லை. வெறுமை இருக்கிற இடத்தில்தான் அந்த ஐப்பசி நாள் வந்து உட்காரும். வந்தது. மூலக்கடை பஸ் ஸ்டாப் தாண்டி, சாயங்காலம், மழை விட்டும் விடாமல், வண்டி நிறையச் சனம். பின்னால் ஒரு லாரிக்காரன் ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறான். தணிகாசலம் வலது கையை வெளியே போட்டார், போப்பா, போய்த் தொலை, மழைத்துளி கையில் விழுந்தது, கல்யாண வீட்டுக் கை, வண்டியைக் கொஞ்சம் இடதுபக்கம் அணைத்தார், அவன் போகட்டும் என்று, அவ்வளவுதான், மரியாதை, வேறென்ன. கண் வலது கண்ணாடியில் இருந்தது. அப்போதுதான் விசில். நிறுத்துவதற்கான ஒரு விசில் இல்லை, கிளம்புவதற்கான இரண்டு இல்லை, இத்தனை வருஷத்தில் கேட்டேயிராத ஒன்று, நீளமாக, மூச்சு விடாமல், கன்னியப்பன் நெஞ்சிலிருக்கிற காற்றையெல்லாம் ஊதித் தள்ளுகிற விசில். கால் தானே மிதித்தது. வண்டி முழுக்க முன்னால் சாய்ந்தது, ஒரு கிழவியின் கூடை உருண்டது, யாரோ அவர் அம்மாவைத் திட்டினார்கள். இறங்கிப் போய்ப் பார்த்தால் பின்சக்கரத்துக்கு முன்னால், ஒரு சாண் தள்ளி, ஒரு இளைஞனின் தலை. பஸ் இடதுபக்கம் அணைத்ததில் அவன் ஸ்கூட்டர் நடைபாதையோரம் வழுக்கிக் கிடந்தது. ஆளுக்கு ஒன்றுமில்லை. ஒன்றுமேயில்லை, முழங்கையில் சிராய்ப்பு. தவழ்ந்து வெளியே வந்தான், அழுதான், கன்னியப்பனின் பாட்டிலிலிருந்து தண்ணீர் குடித்தான், என் செருப்பு ஒண்ணக் காணோம் என்றான், எல்லோரும் சேர்ந்து செருப்பைத் தேடினார்கள், கிடைத்தது, போட்டுக்கொண்டு போய்விட்டான். கேஸ் இல்லை, விசாரணை இல்லை, பேப்பரில் வரவில்லை. நல்ல நேரம்பா என்று சனங்கள் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். ஏதாவது நடந்திருந்தால் அதை வைத்து அழலாம். நடக்காத ஒன்றை எங்கே கொண்டுபோய் வைப்பது? அந்த ஒரு சாண் இடத்தை அன்றிலிருந்து தணிகாசலம் சுமந்துகொண்டு அலைகிறார். நீ பார்க்கவில்லை, நீ பார்க்கவில்லை, நீ கையைக் காட்டிக்கொண்டிருந்தாய், நீ பார்க்கவில்லை. இப்போது இந்த வளைவு, கூம்பு, கூம்பைப் பார், ரப்பர் மூடி, கூம்பு.

இரண்டாம் சுற்றிலோ மூன்றிலோ, கணக்கு வைக்கவில்லை, அந்தச் சத்தம் பின்னால் வந்தது. முதலில் ஒரு வண்டு, பிறகு பெரிய வண்டு. யாரோ தாண்டப் பார்க்கிறார்கள். தணிகாசலத்தின் கழுத்து திரும்பப் பார்த்தது, உடுப்பின் முரட்டுக் கழுத்துப்பட்டை அதைத் திரும்பவிடவில்லை. கண் இடதுபக்கம் போனது, ரப்பர். வலதுபக்கம் போனது, அங்கேயும் ரப்பர். சத்தம் நெருங்கியது. ரெஹான் சொன்னது அத்தனையும் நினைவிருந்தது. ஒதுங்காதே, காட்டாதே, கோட்டிலேயே போ, வார்த்தைக்கு வார்த்தை நினைவிருந்தது. நினைவு வேறு, கை வேறு. வலது கை முறுக்கியை விட்டுவிட்டு வெளியே போனது, உள்ளங்கையை விரித்துப் போப்பா போ என்று ஆடியது, கூடவே உடம்பு இடதுபக்கம் அணைந்தது. பஸ்ஸில் வலது கைக்கு ஸ்டியரிங்கைத் தவிர வேலையில்லை, வேகம் காலில் இருக்கிறது. இங்கே வேகம் முழுக்க அந்தக் கையில்தான் இருக்கிறது என்பதை அந்தக் கை மறந்துவிட்டது. முறுக்கியை விட்டதும் வண்டி யாரோ சட்டையைப் பிடித்திழுத்த மாதிரி நின்றது போலாயிற்று. பின்னால் டயர் கிறீச்சிட்டது. இடதுபக்கமாகவே தாண்ட இருந்தவர் போலிருக்கிறது, தணிகாசலம் ஒதுங்கிய அதே பக்கம். ஒரு நீல வண்டி அவரை உரசாமல் உரசிக்கொண்டு சாலையை விட்டிறங்கிப் புல்லுக்குள் போனது. புழுதி. தணிகாசலத்தின் வாய்க்குள் இரும்புச் சுவை வந்தது. விழுந்துவிட்டாரா, விழவில்லை, புல்லில் தடதடவென்று ஆடி நிமிர்ந்து, காலை ஊன்றி, மெதுவாக மறுபடி சாலைக்கு ஏறுவது ஓரக்கண்ணில் தெரிந்தது. மறுபடியும். மறுபடியும் வழி விடப்போய்.

போதும் என்று தோன்றியது. பிட்டுக்குப் போய்விடலாம், வண்டிகள் நிற்கிற அந்தக் கொட்டகைக்கு, போய்த் தோலை உரித்துப் போட்டுவிட்டுத் திங்கட்கிழமை ஷெட்டு என்று சொல்லிவிடலாம், குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும், மூடினால் நிற்கும், அதில் யாரும் சாகமாட்டார்கள். உள்ளே போகவேண்டுமானால் கையை உயர்த்திக் காட்டவேண்டும் என்று ரெஹான் சொல்லியிருந்தான். அந்தக் கையையா. தணிகாசலத்துக்குத் தன் கைமேல் கோபம் பொங்கியது, அதைப் பிடியோடு சேர்த்துக் கட்டிப்போட வேண்டும்போல் இருந்தது. கொட்டகைக்குப் பிரிகிற வழி வந்தது. கை எழவில்லை, வழி போய்விட்டது. சரி, இன்னொரு சுற்று, அடுத்த முறை. வளைவு, கூம்பு. அந்த நீல வண்டிக்காரர் என்ன ஆனார்? பிழைத்தார். எப்படிப் பிழைத்தார்? நான் பார்த்தா பிழைத்தார்? அவர் என்னைப் பார்த்தார். நான் கிறுக்குத்தனமாகக் கை ஆட்டியதைப் பார்த்தார், பார்த்ததால் புல்லுக்குள் போனார். பின்னால் வர்றவங்களுக்கு நீங்க தெரியுறீங்க. தெரிந்திருக்கிறது. கூம்பைத் தாண்டி வண்டி நிமிர்ந்தபோது அந்த நினைப்பும் சேர்ந்து நிமிர்ந்தது, அதுவரைக்கும் படுத்துக் கிடந்த ஒன்று. மூலக்கடையில் நீ பார்க்கவில்லை, சரி. யாருமே பார்க்கவில்லையா? பின்படியில் தொங்கிக்கொண்டு, மழையில் நனைந்துகொண்டு, ஒருத்தன் பார்த்துக்கொண்டுதானே இருந்தான். அவன் பார்த்தான், ஊதினான், நீ மிதித்தாய். கண் அவனுடையது, கால் உன்னுடையது, பிழைத்தது அந்தப் பையன். இத்தனை மாதமாகக் கணக்கில் பாதியை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு அழுதிருக்கிறாயே மடையா. கன்னியப்பன் வேலை பார்க்கிற பஸ் ஷெட்டுக்குள் வரும்போதெல்லாம் தணிகாசலம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். ஏன் ஒளிகிறோம் என்று அவருக்கே தெரியாது. நீ பாக்கலையே தணிகாசலம் என்று அவன் கண் சொல்லிவிடுமோ என்று பயந்திருப்பார். அவன் கண் அப்படியெல்லாம் சொல்லாது. அது பார்க்கிற கண். ஒரு நாள்கூட அவனிடம் நன்றி என்று சொல்லவில்லை. அவன் பாட்டிலில் பாதித் தண்ணீரை அந்தப் பையன் குடித்துவிட்டான், மீதியை இவர் குடித்தார், பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தோமா என்றுகூட நினைவில்லை. ஹெல்மெட்டுக்குள் கண்ணீர் வந்தால் துடைக்க வழியில்லை என்பதை யாரும் பாடத்தில் சொல்லவில்லை. அது கன்னத்தில் இறங்கிப் பஞ்சுக்குள் போய் ஊறியது.

மறுபடியும் வண்டு. இந்த முறை இரண்டு. கை துடித்தது, நன்றாகவே தெரிந்தது, மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை. துடிக்கட்டும். தணிகாசலம் கூம்பைப் பார்த்தார். கூம்பு ஆரஞ்சு நிறத்தில் இருந்தது, அதன் அடியில் ஒரு சின்னக் கீறல் இருந்தது, உலகத்தில் அவர் பார்க்கவேண்டியது அது மட்டும்தான். சத்தம் முதுகில் ஏறியது. பார்த்துக்கோங்க சாமி, என்று யாரோ ஒருவரிடம் மனசுக்குள் சொன்னார், என் முதுகு உங்ககிட்ட இருக்கு. வலதுபக்கம் ஒரு நிழல் வந்தது, காற்று அடித்தது, வெள்ளை வண்டி ஒன்று எத்தனையோ இடம் விட்டுத் தாண்டிப் போனது. அதன் பின்னாலேயே இன்னொன்று. அவ்வளவுதானா? அவ்வளவுதான். அவர் கோட்டில் அவர் போய்க்கொண்டிருந்தார். யாரும் திட்டவில்லை, யாரும் விழவில்லை. அடுத்தது வந்தது, போனது. அதற்கடுத்தது. ஒவ்வொருவரும் முகம் தெரியாத ஆள், ஒவ்வொருவரும் இவருடைய முதுகைப் பார்த்து, கணக்குப் போட்டு, இடம் விட்டுப் போகிறார்கள், கூலி வாங்காமல். இதெல்லாம் இங்கே மட்டும்தானா? யோசித்துப் பார்த்தால் ரோட்டிலும் அப்படித்தான் இருந்திருக்கிறது. இத்தனை வருஷம் இவர் ஓட்டின பஸ்ஸுக்குப் பின்னால் எத்தனை ஆயிரம் பேர் பிரேக் பிடித்திருப்பார்கள், இவர் திடீரென்று நிறுத்தியபோது, பள்ளத்துக்கு வளைத்தபோது, கனவில் இருந்தபோது. கண்ணாடியில் தெரிந்தவர்கள் கொஞ்சம், தெரியாதவர்கள்தான் நிறைய. தான் ஒருத்தன்தான் ஊரையே கட்டிக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்தது எவ்வளவு பெரிய திமிர். திமிர் என்று தெரிந்ததும் தோளில் இருந்த எதுவோ இறங்கிவிட்டது. நேர்ச்சாலை வந்தது. முறுக்கினார். வண்டி பாய்ந்தது, டேப்புக்கு அடியில் என்ன வேகமோ யாருக்குத் தெரியும், காற்று ஹெல்மெட்டைப் பிடித்து ஆட்டியது, தணிகாசலம் வாய்விட்டு ஓவென்று கத்தினார். இந்த வெறுமையில் இப்போது மழை பெய்யவில்லை. வெயில்தான் அடித்தது, நல்ல வெயில். கொட்டகைக்குப் பிரிகிற வழி எப்போது வந்தது எப்போது போனது என்றே பார்க்கவில்லை.

கட்டம்போட்ட கொடி காட்டிவிட்டார்கள். கடைசிச் சுற்று, மெதுவாக, எஞ்சின் ஆறுவதற்கு. முன்னால் போகிறவர்கள் எல்லோரும் இடது கையைத் தூக்கி ஆட்டிக்கொண்டே போனார்கள். ஒரு கணம் தணிகாசலத்துக்குப் பகீரென்றது. பிறகுதான் ரெஹான் சொன்ன கடைசி விஷயம் நினைவுக்கு வந்தது. வளைவுக்கு வளைவு கொடியோடு வெயிலில் நிற்கிறவர்களுக்கு இந்தச் சுற்றில் கை காட்டிவிட்டு வரவேண்டும், அது இங்கே வழக்கம், யாராவது விழுந்தால் முதலில் ஓடிவருகிறவர்கள் அவர்கள்தான். இத்தனை நேரமாக அவர்கள் நின்றதையே இவர் பார்க்கவில்லை. முதல் வளைவில் ஒரு பெண், துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொண்டு, கையில் மஞ்சள் கொடி. இடது கை தயங்கி எழுந்தது. கியரைப் பிடித்தே தேய்ந்த கை, மரியாதை காட்டிப் பழக்கமில்லாத கை, வலதுகையின் உபசாரம் எதுவும் இதற்குத் தெரியாது, சும்மா எழுந்து நின்றது. அந்தப் பெண் கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பதிலுக்குக் கையாட்டினாள். அடுத்த வளைவில் ஒரு பெரியவர், அவருக்கும். தகரக் கூரையின் கீழ் இருவர், அவர்களுக்கும். நீல வண்டி புல்லுக்குள் போன இடம் வந்தது, புல்லில் ஒரு நீண்ட கோடு கிடந்தது, அந்தப் புல்லுக்கும் கை காட்டினார். யாரும் பார்க்கவில்லை, பார்த்தால்தான் என்ன.

கொட்டகையில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினார். தாச்சு ஓடிவந்து ஹெல்மெட்டைக் கழற்றினாள், முகத்தைப் பார்த்தாள், தன் துப்பட்டாவால் துடைத்துவிட்டாள். நீல வண்டிக்காரர் பூட்ஸில் புல்லோடு வந்துகொண்டிருந்தார், காலையில் ஆம்பூர், கையுறை என்று சொன்னாரே, அவர்தான், இம்தியாஸ். தணிகாசலம் இரண்டு கையையும் கூப்பிவிட்டார். "தப்பு என்னுதுங்க. கை தானா போயிடிச்சி. நீங்க பாத்ததாலதான் பொழச்சோம் ரெண்டு பேரும்." இம்தியாஸ் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். "அட விடுங்க சார், நானும்தான் அந்தப் பக்கமா நுழையப் பாத்தேன், நுழையக் கூடாது. ஆனா ஒண்ணு கேக்கணும், அது என்ன சார் கை? அவ்ளோ மரியாதையா எனக்கு வாழ்க்கைல யாரும் வழி விட்டதில்ல. எங்க ஊரு பஸ் டிரைவர் காட்டுற மாதிரியே இருந்துச்சு."

"பஸ் டிரைவர்தாங்க நான்" என்றார் தணிகாசலம்.

சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. தாச்சு துப்பட்டாவை மடிப்பதுபோல் குனிந்துகொண்டாள். இம்தியாஸ் சிரித்துக்கொண்டே தண்ணீர் தேடிப் போனார். தணிகாசலம் ஜிப்பைத் தொப்பைவரைக்கும் இறக்கி மூச்சு விட்டுக்கொண்டார். "தாச்சு, உன் போனக் குடும்மா. கன்னியப்பன் நம்பர் இருக்கா அதுல?" இருந்தது. இரண்டு முறை அடித்ததும் எடுத்தான். "நான்தான் கன்னியப்பா" என்றார்.

"யாரு? தணிகாசலமா? இன்னாய்யா, உயிரோடதான் கீறியா? கண்ணுலயே படமாட்டேன்றியே."

"கீறேன். உன்னாலதான் கீறேன் கன்னியப்பா. அந்தப் பையனும் உன்னாலதான் கீறான். நீ ஊதலன்னா..." பூட்ஸைத் தரையில் தேய்த்தார். "உங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல இத்தினி நாளா."

அந்தப் பக்கம் எங்கோ டிவி ஓடிக்கொண்டிருந்தது. "இப்ப இன்னாத்துக்குய்யா இதெல்லாம்" என்றான் கன்னியப்பன். "எங்கப் போய்ட்டு வந்த நீ?"

"அத்த நேர்ல சொல்றேன். திங்கக்கெழம ஸ்டியரிங்கு கேக்கப் போறேன். நீ பின்னாடி வருவியா?"

போனைக் கீழே வைக்கிற சத்தம், மேஜை இழுப்பறையைத் திறக்கிற சத்தம், சாவிக்கொத்து விழுகிற சத்தம். என்ன ஆச்சு நைனா, கட்டாயிடிச்சா என்று தாச்சு போனுக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுவந்தாள். வந்த வேகத்தில் துள்ளிப் பின்வாங்கினாள். விசில், இரண்டு, சின்னதாக, சுத்தமாக, ஒன்றன்பின் ஒன்று. தூரத்தில் கன்னியப்பன் வீட்டம்மா, "இன்னா நீ, நடுவூட்ல விசில் ஊதற" என்று கத்தினாள்.

தரையோடு தரையாக, இரவல் பூட்ஸுக்குள் இருந்த தணிகாசலத்தின் இடது கால் அங்கே இல்லாத கிளட்சை அமுக்கியது.